வலது மூலைச் சந்தனம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வேலையில் படிந்த பழக்கம். வரிசை இல்லாவிட்டால் எனக்கு எதுவும் பிடிபடாது.

1. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் பத்திரம் எழுதும் அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில், ஒரு வியாழக்கிழமை காலை, கோப்புறைகள் எல்லாம் காணாமல் போயின. ஒவ்வொன்றின் பெயரிலும் ஷார்ட்கட் எனும் குறுக்குவழிச் சின்னம் மட்டும் நின்றது. எதைத் தொட்டாலும் எதுவும் திறக்கவில்லை.

2. அதற்குச் சற்று முன் அதில் செருகப்பட்டது, என் அம்மா கொடுத்தனுப்பிய பென்டிரைவ்.

3. அன்று முகூர்த்த நாள். பதிவுக்கு வந்தவர்கள் வாசலில் காத்திருந்தார்கள்.

4. அண்ணாச்சி அம்மாவுக்குப் போன் செய்து, வீட்டுக் கம்ப்யூட்டர் சுத்தமாகும்வரை டைப்பிங் வேலை அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டார்.

5. அம்மா இதை எனக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை நான் சென்னை ரயிலில் வந்து இறங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டு முடித்த பிறகு, தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

6. கம்ப்யூட்டர் திரையில் சந்தனம் இருந்தது.

ஆறாவது விஷயத்தை நான்காவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். ஆனால் அது எனக்குக் கடைசியில்தான் கண்ணில் பட்டது.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். சான்றிதழ் பீரோவில் இருந்தது; வேலைக்குப் போனதில்லை. நான் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, எனக்காக வாங்கிய கம்ப்யூட்டர் சும்மா கிடப்பதைப் பார்த்து, ஒருநாள் தானாகவே அண்ணாச்சியிடம் போய் வேலை கேட்டாள். அவர் பேனாவால் எழுதிய வரைவுகளைக் கொடுத்தனுப்புவார். அம்மா அடித்து, பென்டிரைவில் போட்டு அனுப்புவாள். கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை. குருவிகுளம் பக்கத்து மானாவாரி நிலங்களில் எதற்கு எது கிழக்கெல்லை என்பது, அந்த நிலங்களைப் பார்த்தேயிராத அம்மாவுக்குத் தெரியும்.

இந்த வேலை போனால் இன்னொன்று வராது. கடைத்தெருவில் இப்போது ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். பழைய டைப்ரைட்டர் முறையில் அடிக்கிற ஒருத்தியைத் தேடிக்கொண்டு யாரும் எங்கள் தெருவுக்கு வரப் போவதில்லை. அம்மாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அண்ணாச்சி வேலை அனுப்ப மாட்டேன்னுட்டாவ," என்றாள்.

"என்னத்துக்கு?"

"நம்ம பென்டிரைவுல என்னமோ இருந்துச்சாம். அவிய சிஸ்டத்தையே முழுங்கிட்டாம்."

"வியாழக்கிழமையே எனக்குச் சொல்ல வேண்டியதுதான?"

"நீ அங்கன ஆபீஸ்ல கெடந்து அல்லாடுத. இதையும் உன் தலையில கட்டவா?"

அப்பா பேப்பரை இறக்காமலேயே சொன்னார்: "உங்க அம்மா கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல். ஊசி போட டாக்டரு வந்தாச்சு. இந்த வயசுல இதெல்லாம் வேணுமாங்கேன், கேக்காளா?"

"உங்களுக்கு மூணு வேளையும் சோறு வருதுல்லா? பொறவென்ன?" என்றாள் அம்மா.

அப்பா அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து அம்மாவும் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்.

எனக்கு அந்த வாரம் தூக்கம் குறைவு. என் வேலையே எச்சரிக்கைகளைப் பார்ப்பதுதான். நான் இருக்கும் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் எங்கேயோ வரிசையாக நின்று, எதற்கெடுத்தாலும் மஞ்சளும் சிவப்புமாகக் கூவிக்கொண்டிருக்கும். பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. ஒன்றுமில்லை என்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சில மாதங்களில் கண் தானாகவே சிவப்பைத் தாண்டிப் போகப் பழகிவிடும். அப்படிப் பழகியவர்களைக் கண்டுபிடித்துத் திட்டுவதற்கும் எங்கள் அலுவலகத்தில் ஆள் உண்டு. ஊருக்கு வந்தால் பக்கத்து வீட்டு டிவி, பெரியம்மாவின் செல்போன், யாரோ ஒருவரின் மறந்துபோன பாஸ்வேர்டு. இந்த முறை எதையும் தொடுவதில்லை என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன்.

கையைத் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரோடு வரும் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தால் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். எல்லாவற்றிலும் பச்சைக் குறி இருந்தால் எழுந்து போய்விடலாம். அம்மாவின் கம்ப்யூட்டரில் இரண்டு சிவப்பு, ஒரு மஞ்சள். ஃபயர்வால் அணைக்கப்பட்டிருந்தது. மஞ்சள், பல மாதங்களாகத் தள்ளிப்போட்ட அப்டேட்டுக்கு. இன்னொரு சிவப்பு: 'அச்சுறுத்தல்கள் கண்டறியப்பட்டன, நடவடிக்கை தேவை.'

பழைய எச்சரிக்கைகளின் பக்கத்தைத் திறந்தேன். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. எல்லாம் ஒரே பெயர். ஒரே இடம்: பென்டிரைவ். அம்மா பென்டிரைவைச் செருகிய ஒவ்வொரு முறையும் இந்த இயந்திரம் அதில் ஒரு கிருமியைப் பார்த்திருக்கிறது, பிடித்து அழித்திருக்கிறது, அழித்தேன் என்று சொல்லியும் இருக்கிறது. அடுத்த நிமிடமே அது திரும்ப வந்திருக்கிறது.

திரும்ப வருகிறதென்றால் ஊற்று உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருப்பதை ஏன் பார்க்கவில்லை? விதிவிலக்குப் பட்டியலைத் திறந்தேன். இங்கே பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லிவைக்கிற இடங்கள் அதில் இருக்கும். ஒரே ஒரு வரி இருந்தது. முழு சி டிரைவ். காவல்காரனை வேலைக்கு வைத்து, வீட்டுக்குள் மட்டும் பார்க்காதே, வாசலில் வருகிறவனை மட்டும் பார் என்று சொன்ன மாதிரி.

"யம்மா, இதுல யாரு கை வச்சா?"

"நம்ம கம்ப்யூட்டர் கடைக்காரருதான். டைப்பிங் சாப்ட்வேர் ரெண்டு நாளைக்கு ஒருதரம் காணாமப் போச்சுல்லா? இனிமே போகாதுன்னாரு. போகல."

"அவரு என்ன செஞ்சாருன்னு தெரியுமா?"

"அது எனக்கெதுக்குட்டி? போகல, அவ்வளவுதான்."

நியாயம்தான். எங்கள் அலுவலகத்திலும் பாதிப் பேர் இப்படித்தான்.

எனக்குப் புரியாதது வேறொன்று. இத்தனை எச்சரிக்கைகள் திரையில் வந்திருக்கின்றன. அம்மா கவனமானவள். ஒரு பத்திரத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் பக்கம் முழுவதையும் திரும்பப் பார்க்கிறவள். அவள் கண்ணில் ஒன்றுகூடவா படவில்லை?

"இங்கன ஓரத்துல கட்டமா ஒண்ணு எழும்பி வந்திருக்குமே. பாத்ததே இல்லையா?"

"எந்த ஓரத்துல?"

வலது கீழ் மூலையைக் காட்ட விரலைக் கொண்டுபோனேன். விரல் ஒரு மேட்டில் பட்டது. காய்ந்த சந்தனம். நடுவில் கருத்துப்போன குங்குமம். ஆயுதபூஜைக்கு வைத்தது. ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு, நேரத்துக்கும் தேதிக்கும் பக்கத்தில், பாதுகாப்பின் கேடயச் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில், கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் அந்தச் சின்னம் சிவப்புப் பெருக்கல் குறியோடு எத்தனை மாதமாக நின்றதோ.

"இத ஏம்மா இங்கன வச்ச?"

"பொறவு எங்கன வைக்க? நடுவுல வச்சா எழுத்து மறைக்குது. இடது பக்கம் நீயும் அப்பாவும் என்னத்தையோ அமுக்குதிய. சுத்தி இருக்க சட்டம் நூலு மாதிரி கெடக்கு, பொட்டு நிக்காது. அந்த மூலையில ஒண்ணும் வராதுல்லா, அதான் வச்சேன்."

ஒன்றும் வராத மூலை. நான் சிரிக்கவில்லை, சிரிக்கத் தெம்பில்லை. அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

"துடைச்சிரவா?"

"ஏட்டி! பூஜைப் பொட்ட துணி போட்டா அழிப்பாவ? அது தானா உதிரணும்."

அடுத்த ஆயுதபூஜை வரை உதிராது போலிருந்தது. அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

எதற்கும் அம்மா வேலை செய்கிறதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு பழைய வரைவைக் கொடுத்து அடிக்கச் சொன்னேன். அவள் அதை இடது பக்கம் சாய்த்து வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். விரல்கள் ஓட ஆரம்பித்தன. கண் காகிதத்தில். விசைகளைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. பத்தி முடிந்தது, அடுத்த பத்தி தொடங்கியது, பக்கம் முடிந்தது. அப்போதுதான் தலை திரும்பியது.

நான் இதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் கவனித்ததில்லை.

"நீ திரையப் பாக்கவே மாட்டியாம்மா?"

"அடிக்கும்போது எதுக்குப் பாக்கணும்? மேட்டர்லதான் கண்ணு இருக்கணும். நிமிந்து பாத்தா எங்க மாஸ்டர் ஸ்கேலால தட்டுவாவ."

எழும்பி வரும் எச்சரிக்கை சில விநாடி நின்றுவிட்டுத் தானாக மறையும். அம்மாவின் கண் அப்போது ஏதோ ஒரு வயலின் வடக்கெல்லையில் இருந்திருக்கும். தப்பித்தவறி நிமிர்ந்திருந்தாலும், மிச்சமிருக்கும் சின்னத்தைச் சந்தனம் மறைத்திருக்கும். சத்தம்? அதையும் கேட்டேன்.

"சும்மா டிங்கு டிங்குன்னு கெடந்துச்சு. அமத்திட்டேன்."

விதிவிலக்கை நீக்கினேன். ஃபயர்வாலைப் போட்டேன். அப்டேட்டை ஓட விட்டேன். பிறகு, அண்ணாச்சி திருப்பி அனுப்பியிருந்த பென்டிரைவைச் செருகி முழு ஸ்கேன். அது முடிய மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டு விஷயங்கள் சிக்கின. ஒன்று, அந்தக் குறுக்குவழிக் கிருமி. அதை அழிப்பதில் கேள்வியே இல்லை. இரண்டாவது, அம்மாவின் டைப்பிங் சாப்ட்வேர். அது அழிபடாமல் இருக்கத்தான் கடைக்காரர் அந்த விதிவிலக்கைப் போட்டிருக்கிறார்.

அது ஏன் சிக்குகிறது என்று எனக்குத் தெரியும். அம்மா அமுக்குகிற ஒவ்வொரு விசையையும் அது நடுவில் நின்று பிடித்து, தமிழ் எழுத்தாக மாற்றித் திரைக்கு அனுப்புகிறது. பாஸ்வேர்டு திருடும் நிரலும் இதே மாதிரி நடுவில் நின்றுதான் விசைகளைப் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். இது நல்லது, விட்டுவிடு என்று நான் ஒரு சொடுக்கில் சொல்லலாம். ஆனால் இந்தப் பிரதி யாரோ யாருக்கோ சிடியில் போட்டுக் கொடுத்து, கை கையாக வந்தது. எழுதியது யார் என்று தெரியாது. இடையில் யார் என்ன சேர்த்தார்கள் என்றும் தெரியாது. இதே கம்ப்யூட்டரில்தான் அப்பா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எடுத்துவிட்டேன்.

"அது இல்லாம எப்படிட்டி அடிக்க?" என்றாள் அம்மா. கோபம் இல்லை. குரல் மட்டும் சற்று இறங்கியிருந்தது. "சுத்தம் பண்ணினா வேலை தருவேங்காவ அண்ணாச்சி. நீ சுத்தம் பண்ணினா அடிக்க முடியாது. பொறவு என்னத்த சுத்தம் பண்ணி என்ன?"

செருப்பைப் போட்டுக்கொண்டேன். அண்ணாச்சியின் கம்ப்யூட்டரையும் பார்க்காவிட்டால் பென்டிரைவ் எதையாவது திரும்பக் கொண்டுவரும். அம்மாவும் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடவே வந்தாள்.

அண்ணாச்சி தனியாக இருந்தார். திரைக்கு மேலே அவரும் பொட்டு வைத்திருந்தார். அவருடையது பழைய திரை, சுற்றிலும் அகலமான சட்டம், பொட்டுக்கு இடம் இருந்தது.

"வா மக்கா. உங்கம்மா என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாவளே," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

"நான் என்ன வேணும்னா செஞ்சேன் அண்ணாச்சி?"

"சும்மா சொல்லுதேன்மா. உக்காருங்க."

அவர் கம்ப்யூட்டரில் பாதுகாப்பு என்ற ஒன்று மொத்தமாகவே அணைந்து கிடந்தது. கிருமியை எடுத்தேன். அவர் கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். அவற்றைத் திரும்பத் தெரியவைத்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"எல்லாம் இருக்கா? நூலு பிடிச்ச மாதிரி இருக்கே! சரி, சொல்லு, இது எங்கேருந்து வந்துச்சு? உங்க வீட்லேருந்துதான?"

"தெரியாது அண்ணாச்சி. இந்த பென்டிரைவ் வேற எங்கெல்லாம் போவும்?"

"எங்கயும் போவாது. ஜெராக்ஸ் கடைக்குப் போவும். பிரின்ட் போடணும்லா. அப்புறம் ஸ்டாம்பு பேப்பர்ல அடிக்க அடுத்த கடை. ஒருதரம் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போச்சு, பேத்தி படம் எடுக்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் ஏதாவது சொல்லியிருப்பாள், அண்ணாச்சியும் ஏதாவது சொல்லியிருப்பார், பேச்சு வேலையைவிட்டு வேறெங்கோ போயிருக்கும்.

"சரி, போனது போகட்டும்," என்றார் அவர். "எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. இனிமே வராதுல்லா?"

"அப்படிச் சொல்ல முடியாது அண்ணாச்சி."

"இதென்ன பேச்சு? படிச்ச புள்ள, சென்னையில பெரிய வேலை பாக்க. நாங்க பத்திரத்துல எழுதுதோம்லா, மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லைன்னு, அதுமாதிரி ஒண்ணு சொல்லுன்னா..."

"வில்லங்கச் சான்று வாங்கினா, இன்ன தேதிவரைக்கும்னுதான போட்டுத் தருதாவ?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அம்மாவிடம் திரும்பி, "ஏம்மா, இதை பேச்சுல ஜெயிக்க முடியாது போலுக்கே. உங்க வளப்பா?" என்றார்.

"அவ அப்பா வளப்பு," என்றாள் அம்மா.

"சரி. தேதிவரைக்கும்னே வச்சுக்கிடுவோம். அந்தத் தேதிக்குப் பொறவு ஒண்ணு வந்தா? உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அடிக்கும்போது திரையவே பாக்க மாட்டீயளே. நானே பாத்திருக்கேன், இங்கன வந்து அடிக்கும்போது. அதுல என்ன வந்துச்சு போச்சுன்னு கவனிக்காத ஆளுகிட்ட நான் எப்படிம்மா பென்டிரைவ் குடுத்தனுப்ப? வாசல்ல ஆளு நிக்கும்போது என் கதி என்ன?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, "பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி," என்றாள். மாட்டாள். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

திரும்பி வரும்போது தறிச் சத்தம் கேட்கும் தெருவழியாக நடந்தோம். ஒரு திருப்பத்தில் அம்மா சொன்னாள்: "முடியலன்னா விடு. நீயும் வந்ததுலேருந்து உக்காந்தே கெடக்க." அப்படிச் சொன்னதால்தான் விடவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. பாதியில் நின்றால் அடுத்தமுறை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டைப்பிங்கைப் பார்த்தேன். இலவசமாக, யார் எழுதியது என்று தெரியும்படி கிடைக்கும் தமிழ் விசைப்பலகை ஒன்றில் பழைய டைப்ரைட்டர் முறையும் இருந்தது. அதைப் போட்டு ஸ்கேன் செய்தேன், எதுவும் சொல்லவில்லை. அம்மா உட்கார்ந்து அடித்தாள். விரல் ஓடியது. ஓரத்தில் இருக்கும் இரண்டு மூன்று விசைகள் மட்டும் இடம் மாறியிருந்தன. சுண்டுவிரல் பழைய இடத்துக்குப் போய் ஏமாந்து வந்தது.

"சவம், இதை எதுக்கு மாத்துனானுவ? நல்லாத்தான இருந்துச்சு," என்றாள். திட்டிக்கொண்டே அடித்தாள். பழைய மாதிரிப் பத்திரங்கள் பழைய எழுத்துருவில் இருந்தன. அவற்றைப் புதிய எழுத்துருவுக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் அவளும் நானும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அவள் வாசிக்க, நான் சரிபார்க்க. அலுப்பான வேலை. மத்தியானச் சாப்பாடு தாமதமானது. அப்பா அடுப்படியில் தட்டைச் சத்தமாக எடுத்து வைத்தார்.

அம்மா மறுபடி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன். எதற்கென்று இல்லை, சும்மா.

"கண்ண எடுக்காம அடிச்சா வரி முடியுதது எப்படிம்மா தெரியும்? டைப்ரைட்டிங் மெஷின்ல?"

"மணி அடிக்கும்லா. வரி முடியப் போகுதுன்னா டிங்னு ஒண்ணு அடிக்கும். உடனே கை போயிரும், கம்பியத் தள்ளி அடுத்த வரிக்கு வர."

சத்தத்தை அமர்த்தியவள்தான். ஆனால் அவள் அமர்த்தியது எதற்கெடுத்தாலும் அடித்த சத்தத்தை. மழை வரும், புதுச் செய்தி, தள்ளுபடி, யாருக்கோ பிறந்தநாள். எல்லாவற்றுக்கும் ஒரே டிங்கு டிங்கு. எச்சரிக்கையும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகத்தான் வந்திருக்கிறது. அலுவலகத்தில் நானும் அதே காரணத்துக்காகப் பாதி சத்தங்களை அமர்த்தி வைத்திருக்கிறேன்.

அறிவிப்புகளின் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாக அணைத்தேன். வானிலை போனது. செய்தி போனது. கடைசியில் பாதுகாப்பு மட்டும் மிஞ்சியது. பிறகு சத்தத்தைத் திரும்பப் போட்டு, இணையத்தில் டைப்ரைட்டர் மணியின் ஒலிகளைத் தேடி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன்.

"இது சைக்கிள் மணி." "இது கோயில்ல அடிக்க மாதிரி இருக்கு." "இது ஒண்ணுமே இல்ல." ஐந்தாவதோ ஆறாவதோ ஒன்றில் பேச்சை நிறுத்தினாள். "ம். இதுதான். எங்க இன்ஸ்டிட்யூட் மெஷினு இப்படித்தான் அடிக்கும்."

அதையே எச்சரிக்கையின் ஒலியாக வைத்தேன். சோதிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு சோதனைக் கோப்பு உண்டு. யாருக்கும் தீங்கு செய்யாத ஒரே ஒரு வரி. ஆனால் எல்லாப் பாதுகாப்பு மென்பொருளும் அதைக் கிருமியாக எண்ணிக் கூவும்படி ஒத்துக்கொண்டிருக்கின்றன. என் மடிக்கணினியில் அதை பென்டிரைவில் போட்டு எடுத்துவந்து, அம்மா ஒரு பத்தியின் நடுவில் இருந்தபோது சொல்லாமல் செருகினேன்.

மணி அடித்தது.

அம்மாவின் விரல்கள் நின்றன. இடது கை விசைப்பலகையிலிருந்து எழுந்து, அங்கே இல்லாத ஒரு கம்பியைத் தள்ள, காற்றில் பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. பிறகு தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தாள்.

"என்னமோ மூலையில வருதே," என்றாள். "பாதி பொட்டுல மறையுது."

அவளே எழுந்து போய் ஈரத்துணி கொண்டுவந்தாள். துடைக்கும்முன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில், ஒன்றும் எழும்பி வர வழியில்லாத இடத்தில், புதிதாகக் குழைத்த சந்தனத்தை வைத்தாள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு மணி கட்டிவிடு. சோறுன்னா அடிக்கட்டும்," என்றார்.

"உங்களுக்கு வாயே மணிதான்," என்றாள் அம்மா.

மாலை ரயிலுக்குக் கிளம்பும்முன் அண்ணாச்சிக்குப் போன் செய்து, மணி அடித்தால் அம்மா நிறுத்திப் பார்ப்பாள் என்று சொன்னேன். மாதம் ஒருமுறை ஸ்கேன் செய்து தேதியோடு சொல்லிவிட வேண்டும், அதற்கு ஒப்புக்கொண்டால் திங்கட்கிழமை ஒரு வரைவு அனுப்புகிறேன் என்றார். அம்மா போனை வாங்கி, "சொல்லுதேன் அண்ணாச்சி," என்றாள். ரயிலில் ஏறியதும் தூங்கிவிட்டேன்.

இப்போது நிலைமை இது. அம்மாவுக்கு வேலை வந்துகொண்டிருக்கிறது. முன்பைவிடச் சற்றுக் குறைவாக. சுண்டுவிரல் இன்னும் சில நேரம் பழைய இடத்துக்குப் போகிறது. மாதம் பிறந்ததும் ஸ்கேன் செய்து, அண்ணாச்சிக்குப் போன் போட்டு, இன்றைய தேதிவரை வில்லங்கம் இல்லை என்று சொல்கிறாள். மணி இதுவரை இரண்டு முறை அடித்திருக்கிறது. ஒருமுறை அப்டேட்டுக்காக. ஒருமுறை உண்மையாகவே பென்டிரைவில் ஒன்று இருந்தது. அம்மா அடிப்பதை நிறுத்தி, எனக்குப் போன் செய்து, திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள், நான் அலுவலகத்தில் இருந்தபடி எதை அமுக்க வேண்டும் என்று சொன்னேன். அந்தப் பென்டிரைவ் இன்னமும் ஜெராக்ஸ் கடைக்குப் போய்த்தான் வருகிறது.